செத்தவள் போனை எடுத்தாள்

போன் அலறியது!

தையல்காரி, பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மேஜையில் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். மூன்று வாரமாக அந்தப் போனுக்கு வாயே இல்லை. ராங் நம்பராக இருந்தாலும் இரண்டு வார்த்தை பேசலாமே!

எப்போதும் போல ஸ்பீக்கரைத் தட்டினாள். வீட்டில் இன்னொரு குரல் சத்தமாகக் கேட்டால் அவளுக்குப் பிடிக்கும்.

"கடன் கம்பெனி ஹெட் ஆபீஸ் விசாரணை அதிகாரி பேசறேன். இந்தக் கால் ரெக்கார்டு ஆகுது. இறந்துபோன அம்மாவுக்கு நீங்க என்ன உறவு?"

பெண் குரல்.

"எந்த அம்மா?"

"தையல் மெஷினுக்கு முப்பதாயிரம் கடன் வாங்கினவங்க. மாடி வீட்டுல தனியா இருந்தாங்களே... போன மாசம் மாரடைப்புல..."

தையல்காரி தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். நாடி ஒழுங்காகத்தான் ஓடியது.

"அது நான்தாம்மா."

எதிர்முனையில் வண்டி பிரேக் போடும் சத்தம்.

"அப்ப உங்க தம்பி மகன்னு ஒருத்தர் இன்சூரன்ஸ் பணம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்காரே..."

"எனக்குத் தம்பியே கிடையாது. என்ன இன்சூரன்ஸ்?"

"கடன் தொகையில எவ்வளவு கைக்கு வந்துச்சு?"

"இருபத்தேழாயிரம். மிச்சம் செலவுன்னு வாராவாரம் வர்ற வசூல் தம்பி சொன்னாரு."

"அந்தச் செலவுல உங்க உயிருக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்காங்கம்மா. எது எதுக்குப் பிடிக்கறோம்னு படிச்சுக் காட்டித்தான் கையெழுத்தே வாங்கணும். வட்டி எவ்வளவுன்னாரு?"

"பன்னெண்டு பர்சென்ட்."

"நீங்க கட்டி முடிச்ச அசலுக்கும் சேர்த்து வட்டி வாங்கியிருக்காங்க. அப்படிப் பார்த்தா அது இருபத்திரண்டு. நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

கேட்கவில்லை.

கேட்டால் அவன் முகம் சுளிப்பான். அடுத்த செவ்வாய்க்கிழமை வாசலிலேயே நின்று பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவான். வாரத்தில் ஒரு நாள், எதிரில் உட்கார்ந்து டீ குடித்து, "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்கிற ஒரே ஜீவன் அவன். அவனிடம் போய்க் கணக்குக் கேட்பதா?

"கேள்வி கேக்க ஆள் இல்லாதவங்களாப் பார்த்துப் பேப்பர்ல சாகடிக்கிறாங்கம்மா. நேர்ல விசாரிக்க வர்றோம்னு காலைலதான் உங்க கிளைக்குச் சொன்னேன், போலீஸோட வண்டியில வந்துகிட்டே இருக்கேன். யாரு வந்தாலும் கதவைத் திற..."

காலிங் பெல்!

மூன்று வாரமாக யாரும் வராத வீடு. அவள் கை தானாகவே தாழ்ப்பாளை நீக்கிவிட்டது.

வசூல் தம்பி சிரித்தபடி உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். கையில் மூடி திறந்த ஜூஸ் பாட்டில்.

அவன் திரும்புவதற்குள் அவள் போனைக் கட் செய்யாமல் மேஜையில் கிடந்த சட்டைக்கு அடியில் தள்ளினாள்.

"எங்கப்பா ஆளையே காணோம்?"

"உடம்பு சரியில்லக்கா. வெளியில என்ன வெயில்... உங்களுக்குத்தான் வாங்கிட்டு வந்தேன். குடிங்க."

இதுவரை அவன் இந்த வீட்டுக்கு ஒரு வாழைப்பழம் கூட வாங்கி வந்ததில்லை.

"பாதி நீ குடி."

"எனக்கு சுகர்க்கா."

"மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டாத்தானே நீ டீயையே தொடுவ?"

சிரிப்பு காணாமல் போனது.

"செத்துட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டு, இப்ப அதை நிஜமாக்க வந்தியா?" அவள் ஒரு அடி பின்வாங்கினாள்.

"தெரிஞ்சு போச்சா?" என்றான் மெதுவாக. "நீங்க இல்லேன்னா யாருக்கா தேடப் போறா? நீங்களே சொல்லுங்க."

பாட்டிலை விட அந்தக் கேள்விதான் அவளைக் கொன்றது.

அவன் அவள் தாடையைப் பிடித்தான். பாட்டில் உதட்டருகே வந்தது...

சட்டை பேசியது!

"நான் தேடுவேன் சார். மாடிப்படியிலதான் இருக்கேன். நீங்க பேசினது அத்தனையும் ரெக்கார்டு ஆயிடுச்சு."

பாட்டில் கீழே விழுந்து உருண்டது. கதவு தடதடவென்று அதிர்ந்தது. அவள் பாய்ந்து தாழ்ப்பாளை நீக்க, அதிகாரிக்கு முன்னால் இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

அவனைப் படியில் இழுத்துப் போகும் சத்தம் அடங்கியதும் வீடு பழையபடி அமைதியானது.

"பயப்படாதீங்கம்மா. அதிகமாப் பிடிச்சதெல்லாம் திரும்பி வரும். இனிமே ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்குச் சொல்லித்தான் வாங்குவோம். வேற ஏதாவது கேக்கணுமா?"

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணும்மா. செவ்வாய்க்கிழமை வசூலுக்கு வரப்போற புது ஆளுக்கு... சர்க்கரை எத்தனை ஸ்பூன்?"