இரண்டும் அசல்

தூத்துக்குடி கடல்மதில் தெருவில் அன்று தடுப்பூசி நாள். தொண்டை அடைப்பான் நோய் பக்கத்துத் தெருவரை வந்துவிட்டதால் காலையிலேயே வரிசை நீண்டிருந்தது. செலின் தன் நான்கு மாத இரட்டைப் பெண்களான மெர்லினையும் ஷெர்லினையும் தோளுக்கு ஒன்றாகச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

மரபணுவை வைத்து ஆளை அடையாளம் காணும் உயிர்வாசிப்பி மெர்லினின் எச்சிலைத் தொட்டு, மருந்துப் பெட்டியைத் திறந்தது. ஊசி போட்டாயிற்று. பிறகு ஷெர்லினின் எச்சிலைத் தொட்டது. பெட்டி திறக்கவில்லை. ‘இவருக்கு மருந்து அளிக்கப்பட்டுவிட்டது’ என்றது திரை.

“இது வேற பிள்ளை, அக்கா,” என்றாள் செலின்.

“எனக்குத் தெரியுது. மெஷினுக்கு மரபணு ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணுதான்,” என்றார் செவிலியர் பேச்சித்தாய். “ஒரு பிள்ளை மரபணுவுல குறி வச்சு, நகல்னு பதிஞ்சிட்டா நாளைக்கே மருந்து கிடைச்சிரும். யாரை நகல்னு எழுதட்டும்?”

ஒருவரின் மரபணுவிலிருந்து உருவாக்கப்பட்ட நகல்களுக்கு வாக்குரிமை கிடையாது. படிப்பும் வேலையும் அசலுக்குப் பிறகுதான். செலின் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுவதற்கு முன் மெர்லின் மூச்சை ஒரு நொடி பிடித்துக்கொள்வாள். ஷெர்லின் பால் குடிக்கும்போது முனகுவாள். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து செலின் ஒருநாளும் அவர்களை மாற்றிக் கூப்பிட்டதில்லை.

“ரெண்டும் அசல்தான். இந்த மெஷின் முழுசா வாசிக்குதா?”

“இல்ல, ஆயிரம் இடத்தத்தான் பாக்கும். முழுசா வாசிக்க ஆறு மணி நேரம் ஆவும். இதுவரை யாரும் கேட்டதில்ல.”

“நான் கேக்குதேன்.”

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. செலின் அசையவில்லை. பேச்சித்தாய் உள்ளறையில் இருந்த பழைய பெருவாசிப்பியைத் தூசி தட்டி ஓடவிட்டார். பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றிப் பால் கொடுத்தபடி செலின் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். மதியம் போய், வெயில் சாய்ந்தது.

இருவரின் மரபணுவிலும் உள்ள முந்நூறு கோடி எழுத்துகளில் ஏழு மட்டும் வேறாக இருந்தன. ‘இருவர்’ என்றது திரை. மருந்துப் பெட்டி திறந்தது.

ஊசி ஏறியதும் ஷெர்லின் வீறிட்டாள். செலின் அவளை இறுக அணைத்துக்கொண்டாள். பேச்சித்தாய் நாற்காலியைவிட்டு எழவில்லை.

“இதுமாதிரி இரட்டையில பதினோரு பிள்ளையளுக்கு என் கையாலயே குறி வச்சிருக்கேன் செலின். அவங்களுக்கும் வாசிச்சிருக்கலாம்லா?”

செலின் ஷெர்லினைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“குறி வச்சாலும் வேறயா இருக்க அந்த எழுத்தெல்லாம் அழியாதுலா? இப்பவும் வாசிக்கலாம். எந்திரிங்கக்கா. முதல் பிள்ளை வீடு எங்க இருக்கு?”