தணிகாசலத்தின் சிற்றளவு நிறுவல்

என் கணவர் தணிகாசலம் காலையில் கண் விழித்து முழுதாக ஓடத் தொடங்க நாற்பது நிமிடம் ஆகும். முதலில் பெயர் ஞாபகம் வரும், அப்புறம் கிழமை. காபி வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதற்குள் நான் அதை இரண்டு முறை சூடு பண்ணியிருப்பேன். கடைசியில் கோபம் வரும். அது வந்துவிட்டால் மனிதர் எழுந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஆவடியில் எங்கள் வயதுக்காரர்கள் எல்லார் வீட்டிலும் இதே கதைதான். ஐம்பதைத் தாண்டினால் மறதிக்காய்ச்சல் வந்தே தீரும் என்றாகிவிட்டதால், அதற்கு முன்பே நினைவுகளைக் காதுக்குப் பின்னால் பதிக்கும் சில்லுக்கு மாற்றிவிடுகிறார்கள். அதில் ஓடும் இயங்குதளத்துக்கு மனத்தளம் என்று பெயர். வருடம் போகப் போக அதில் குப்பை சேரும், சூடேறும், ஒருநாள் உறைந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே அப்படி நின்றுபோனார். இவருக்கும் சில மாதங்கள்தான் தாங்கும், சிற்றளவு நிறுவல் செய்துவிடுங்கள் என்றார் மருத்துவர்.

அந்தக் காலத்து மேசைக்கணினிக்குச் செய்வார்களாமே, அதே முறைதான். புதிய சில்லில் வெறும் அடித்தளத்தை மட்டும் போடுவார்கள்: நடை, பேச்சு, பசி, தூக்கம். அதன்மேல் வேண்டிய தொகுப்புகளைப் பழையதிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். ஆள் மயக்கத்தில் இருப்பதால், எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்ல வீட்டார் ஒருவர் திரைக்கு முன் உட்கார வேண்டும். முடிந்ததும் பழைய சில்லை உருக்கிவிடுவார்கள். ஒருவர் நினைவு இரண்டு இடத்தில் இருக்கக் கூடாதென்பது சட்டம்.

நான்தான் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவர் உயிரைத் தவிர எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. எங்கள் ஒரே மகன் நித்திலன் வீட்டுப்படி ஏறிப் பதினோரு வருடம் ஆகிறது. அப்பா கத்தாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். அவர் கத்தாமல் இருப்பதாவது.

நிறுவல் நிலையத்தில் பர்வீன் என்ற பெண் பட்டியலை வாசித்தாள். அவர் ரயில் ஓட்டுநராக இருந்தவர். அரக்கோணம் வரைக்கும் உள்ள சிக்னல்கள் அத்தனையும் சில்லில் இருந்தன. ஓய்வு பெற்றவருக்கு எதற்கு என்று விட்டேன். கேரம் ஆட்டத்தைச் சேர்த்தேன். என் பிறந்தநாளைத் தேடச் சொன்னேன். அது அங்கே இல்லவே இல்லை.

பிறகு வந்தது, 'நித்திலன் மீதான கோபம்'. இருப்பதிலேயே பெரிய தொகுப்பு. வேண்டாம் என்றேன். உடனே திரையில் ஒரு கேள்வி: 'இதைச் சார்ந்துள்ள 1,340 கோப்புகளும் சேரா. தொடரவா?' எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவை என்ன கோப்புகள் என்று கேட்டேன்.

"அதுங்களுக்கு வேற பிடிமானம் இல்லம்மா. ஐயா இதையெல்லாம் கோபம் வழியாத்தான் எடுத்துப் பாத்திருக்காரு," என்றாள் பர்வீன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறீர்களா என்றும் கேட்டாள்.

பழைய சண்டைகளின் மிச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் பின்னால் பதினாலு பேர் நின்றிருந்தார்கள். நம் ஊரில் வரிசைக்கு முன்னால் நின்று எதையாவது முழுதாகப் படித்தால் முதுகுக்குப் பின்னால் 'உச்' கொட்டுவார்கள். எந்தத் திரை என்ன கேட்டாலும் 'ஆம்' அழுத்தியே வளர்ந்தவள் நான். அழுத்தினேன்.

மறுநாள் அவர் நான்கே நிமிடத்தில் எழுந்தார். முதல் காபியையே குடித்தார். பாட்டுகூடப் பாடினார். ஞாயிற்றுக்கிழமை நித்திலன் வருகிறான் என்று பயந்துகொண்டே சொன்னேன். "வரட்டுமே," என்றார். சமையலறைக்குள் போய் ஆனந்தத்தில் அழுதேன்.

நித்திலன் வந்தான். காதோரம் நரைத்திருந்தது. அவர் எழுந்து தன் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார்.

"வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க. சொர்ணம், தண்ணி கொண்டா."

கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், செய்யக்கூடியவர்தான். அவனும் அப்படித்தான் நினைத்தான் போலிருக்கிறது. திட்டணும்னா திட்டிடுங்கப்பா என்றான். அவர், யாரைக் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார்.

அந்த 1,340 கோப்புகள் என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதினோரு வருடமாக அவனைத் திட்டாமல் ஒருநாளும் அவர் அவனை நினைத்ததில்லை. தோளில் தூக்கிச் சுமந்தது, சைக்கிள் பழக்கியது, காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரி முழுக்க விசிறியது, எல்லாவற்றையும் கோபத்தோடு கோபமாகத்தான் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். ஓடிப்போய் பர்வீனைத் தொலைபேசியில் அழைத்தேன். பழைய சில்லை அன்றைக்கே உருக்கிவிட்டார்களாம்.

நான் திரும்பி வந்தபோது நித்திலன் அவர் எதிரே மண்டியிட்டிருந்தான். பதினோரு வருடத்துக்கு முன் உறவுக்காரர்கள் நிறைந்த கல்யாணக் கூடத்தில் எந்த வார்த்தையைச் சொல்லி இந்த வீட்டைப் பிளந்தானோ, அதையே மறுபடி சொன்னான். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"வாஸ்தவம்தான் தம்பி. வயசாச்சுல்ல," என்று சிரித்தார் அவர்.

அவன் உடைந்து அழுதான். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு தயங்கித் தயங்கி அவன் தோளில் கை வைத்தார்.

"அழாதீங்க. வீட்டுல அப்பா அம்மால்லாம் இருக்காங்களா?"

நித்திலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா இருக்காங்க," என்றான்.