கூட இருப்பவர்

பந்தயச் சாலையில் அந்தக் காலை வேளையில் நடந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அங்கே இல்லை. கால்கள் நடந்தன, கைகள் வீசின, எதிரே வந்தவர்களைப் பார்த்து முகங்கள் சிரிக்கவும் செய்தன. ஆட்கள் மட்டும் உள்ளே வேறு சோலியாக இருந்தார்கள்.

கோயம்புத்தூரில் அப்போது இதை யாரும் விசேஷமாக நினைக்கவில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்த அரிசியளவுக் கருவிக்கு வலவன் என்று பெயர். முடுக்கிவிட்டால் உடம்பை அது ஓட்டிக்கொள்ளும். உடம்புக்குச் சொந்தக்காரர் 'உள்ளறை' என்ற மனவெளிக்குள் போய் வியாபாரம் பார்க்கலாம், கிரிக்கெட் பார்க்கலாம், தூங்கலாம். உடற்பயிற்சி, பல் மருத்துவர், மாமனார் வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் வலவன் கவனித்துக்கொண்டது. வலவன் ஓட்டும்போது நெற்றியில் ஒரு பச்சைப் புள்ளி ஒளிர வேண்டும் என்று முதலில் சட்டம் இருந்தது. தாலி கட்டும் நேரத்தில் கல்யாண மண்டபங்கள் முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்ததில் பெண் வீட்டார் மனம் புண்பட்டதால், புள்ளியை எடுத்துவிட்டார்கள்.

நூல் வியாபாரி மயிலானந்தன் அன்று நடைக்கு வரவில்லை; அவர் உடம்பு வந்திருந்தது. அது நடக்கக் காரணம் இருந்தது. அவருடைய ஈரலில் ஒரு துண்டு அவர் மகள் நறுமுகைக்கு வேண்டியிருந்தது.

நறுமுகை பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த குழந்தை. கைக்குழந்தையாக இருந்தபோதே குடலின் ஒரு பகுதியை மேலே இழுத்து ஈரலோடு தைத்து, பித்தம் வடிய ஒரு வழி செய்திருந்தார்கள். ஏழு வயது வரை அந்த வழி தாக்குப்பிடித்தது. பிறகு கண் மஞ்சளானது, வயிறு உப்பியது, உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது. குழந்தைகள் ஈரல் மருத்துவமனையின் ஜன்னலோரப் படுக்கை அவளுக்கு வீடாகிவிட்டது. பெரியவர்களுக்கு ஈரலை அச்சடித்துப் பொருத்துவது அந்நாளில் பல் கட்டுவதுபோலச் சாதாரணம். ஆனால் அச்சடித்த ஈரல் வளராது. குழந்தையோடு சேர்ந்து வளரும் ஈரல் உயிருள்ள ஓர் ஆளிடமிருந்துதான் வர வேண்டும். தாய் சுகந்தாமணியின் ஈரலில் ரத்தக்குழாய் பிரியும் இடம் துண்டெடுக்கத் தோதாக இல்லை. மயிலானந்தனின் ஈரல் தோதாக இருந்தது. கொழுத்தும் இருந்தது.

"வெண்ணெயில முக்கி எடுத்த மாதிரி இருக்குங்க," என்றார் டாக்டர் ஜெரூஷா, ஸ்கேன் படத்தைக் காட்டி. "இதை வெச்சா பாப்பாவுக்கு வேலை செய்யாது. ரெண்டு மாசம் தர்றேன். நல்லா நடக்கணும். எண்ணெய்ப் பலகாரம், ராத்திரி புரோட்டா எல்லாம் விட்ரணும். அதுக்கு மேல பாப்பா தாங்கமாட்டா."

"என்ற புள்ளைக்காக இதுகூடச் செய்யமாட்டனுங்களா?" என்றார் மயிலானந்தன்.

அவர் மனதார நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அந்த வாரமே, ஒரு சாயங்காலம், சிங்காநல்லூர் வண்டிக்கடை முன்னால் சூடான காளான் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். மகளை நினைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. தட்டைக் கீழே வைக்க மட்டும் கை வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவரின் சட்டையை மோந்து பார்த்தே சுகந்தாமணி கண்டுபிடித்துவிட்டாள். கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை.

"உங்களால முடியாதுங்க. வலவன்கிட்டக் குடுத்துருங்க. அதுக்கு நாக்கு இல்ல."

கொடுத்துவிட்டார். வலவன் உடம்பை நடத்தியது, வேகவைத்த காய்கறியை முகம் சுளிக்காமல் தின்றது, நேரத்துக்குத் தூங்கியது. மதியத்துக்குமேல் மருத்துவமனையில் குழந்தையோடு உட்காரும் முறை மயிலானந்தனுடையது. 'கூட இருப்பவர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதையும் வலவனே பார்த்தது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் அவருக்குப் பட்டது. அதே முகம், அதே குரல். குழந்தைக்கு அப்பா பக்கத்தில் இருக்கிறார். அப்பாவுக்கு உள்ளறையில் நூல் விலை ஏறுகிறது. வலவன் ஓட்டும் நேரத்தில் கண் பார்த்தது, காது கேட்டது எல்லாம் பதிவாகும். வேண்டுமானால் பிறகு போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். யாரும் பார்ப்பதில்லை.

கெடு முடிந்தது. டாக்டர் ஜெரூஷா புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு முந்தின ஈரல் மாதிரி ஆயிருச்சுங்க," என்று சிரித்தார்.

அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல உடம்புக்குச் சொந்தக்காரரே வெளியே வர வேண்டும் என்பது சட்டம். அன்று காலை மயிலானந்தன் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். இடுப்பு சிறுத்திருந்தது, வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. நேரே மகளின் படுக்கைக்குப் போனார்.

"அம்மணி, பயமா இருக்குதா? ஒண்ணும் ஆகாது சாமி," என்றார். சொல்லிக்கொண்டே இடது உள்ளங்கையை விரித்தார். தோலுக்கடியில் திரை ஒளிர்ந்தது. திருப்பூரிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

நறுமுகை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூக்கில் பால் போகும் குழாயோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோல, "நீங்களா? வாங்கப்பா. சாப்பிட்டீங்ளா?" என்றாள்.

மயிலானந்தன் உள்ளங்கையை மூடினார். "நீங்களான்னா? தினமும் நான்தான வர்றேன்?"

"இல்லீங்ப்பா. தினமும் அவரு வருவாரு."

"எவரு?"

"உங்களை ஓட்டறவரு." அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "அவரு பேசறப்ப என்னையப் பார்ப்பாரு. நான் சொறிஞ்சா திட்டமாட்டாரு, கையைப் புடிச்சுக்குவாரு. ஆபரேசன் முடிஞ்சதும் அவரு வருவாருல்லங்ப்பா?"

அதற்குள் செவிலியர் வந்து அவளைத் தள்ளுபடுக்கையில் ஏற்றிவிட்டார்.

மயக்க மருந்துக்கு முன் வலவனை நிறுத்திவைக்க, அதை விற்ற கம்பெனியிலிருந்து ஷிபானா என்ற பெண் வந்திருந்தாள். காதுக்குப் பின்னால் அவள் கருவியை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோது மயிலானந்தன் கேட்டார்.

"ஏம்மா, இதுக்குப் பாசமெல்லாம் உண்டா? என்ற புள்ள இதுமேல உசுரா இருக்கறா."

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க சார்," என்றாள் ஷிபானா. "அதுக்கு வேற வேலை கிடையாதுங்க. குழந்தை பக்கத்துல உக்காருன்னா குழந்தையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கும். அவ்வளவுதான்."

கருவியை எடுத்துக்கொண்டே அவளே சொன்னாள். "கண்ணு முழிச்சதும் திரும்ப ஓட விட்டுடறேங்க. காயம் ஆறுற வரைக்கும் நீங்க உள்ளறையிலயே இருந்துக்கலாம். வலி தெரியாது. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"வேண்டாம்மா. நிறுத்தினது நிறுத்தினதாவே இருக்கட்டும்."

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

ஈரல் துண்டு போய்ச் சேர்ந்தது. மகளைக் கண்ணாடி அறையில் தனியாக வைத்திருந்தார்கள். அவர் வேறொரு மாடியில் கிடந்தார். இருமினால் வயிறு பிளந்துவிடும்போல் வலித்தது. கம்பெனியின் யோசனை எவ்வளவு நல்லது என்று அடிக்கடி நினைத்துக்கொண்டார். உள்ளங்கையில் வந்த செய்திகளைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக, யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். வலவனின் பதிவுகளை முதலிலிருந்து போட்டுப் பார்த்தார்.

அவருடைய கண்களே பார்த்தவைதான். அவர்தான் பார்க்கவில்லை. மகளுக்கு மேல்வரிசையில் ஒரு பல் விழுந்திருந்தது அவருக்குத் தெரியாது. அவள் மூக்குக்குழாயில் விளையாட்டாக ஒரு பஸ் விட்டுக்கொண்டிருந்தாள். தொண்டையில் ஒரு நிறுத்தம், நெஞ்சில் ஒரு நிறுத்தம், கடைசி நிறுத்தம் வயிறு. பாலும் மருந்தும் பயணிகள். அவள் கண்ணைப்போலவே மஞ்சளாகச் சட்டை போட்ட ஒரு ஆள் மட்டும் எந்த நிறுத்தத்திலும் இறங்காமல் அடம்பிடித்தான். 'இன்னைக்கும் இறங்கலியா? நீ என்ன பண்ணுனே?' என்று அவருடைய குரலே அவளிடம் கேட்டது. அதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததை மயிலானந்தன் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அரிப்பு தாங்காமல் அவள் துடிக்கும்போது அந்தக் கை எப்படி அவள் விரல்களைப் பிடித்தது, எந்த அளவு அழுத்தியது என்பதைப் பாடம் படிப்பதுபோல் படித்தார். பல பதிவுகள் அழுகையில் கலங்கின. அழுதால் தையல் இழுத்தது.

மகளைப் பார்க்க அனுமதி கிடைத்த அன்று, தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நடந்து போனார். வலவன் ஓடவில்லை என்பது குடும்பத்தில் சுகந்தாமணிக்கு மட்டும் தெரியும்.

நறுமுகையின் கண்ணில் வெள்ளை திரும்பியிருந்தது. சொறிந்த தழும்புகள் காய்ந்திருந்தன. சுகந்தாமணி ஊட்டிய ரசஞ்சோற்றை வாயால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மயிலானந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் முகத்தைப் பார்த்தார். வேறெங்கும் பார்க்கவில்லை.

"பஸ் ஓடுதா, அம்மணி?" என்றார். "மஞ்சச் சட்டைக்காரன் என்ன ஆனான்?"

"இறங்கிட்டான்!" என்று கத்தினாள் நறுமுகை. "பஸ்ஸே மாத்திட்டாங்கல்ல, புது டிரைவரு இறக்கி விட்டுட்டாரு!"

"அழுதானா?"

"கொஞ்ச தூரம் பின்னாலயே ஓடி வந்தான்."

அன்று முழுக்கப் பேசினார்கள். அவர் கேட்டார், அவள் சொன்னாள். அவள் உறங்கும்வரை விரல்களைப் பிடித்திருந்தார். மறுநாளும் வந்தார். நூல் என்ன விலைக்குப் போகிறது என்பதே மறந்துவிட்டது. முதல்முறையாக நல்ல தகப்பன் ஆகிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது.

அந்த மறுநாள் மாலையில்தான், ஆரஞ்சுச் சுளையை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நறுமுகை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்பா எப்ப வருவாரு?"

அவர் கை நின்றது. "ஏன் சாமி?"

"இல்ல, சும்மா கேட்டேன். அவரு வந்துட்டா நீங்க போயிருவீங்ளே."

ஜன்னல் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த சுகந்தாமணி சட்டென்று திரும்பினாள். "ஏய், அவருதாண்டி..." என்று தொடங்கினாள். மயிலானந்தன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

நான்தான் அப்பா என்று சொல்லலாம். சொன்னால் நம்ப வேண்டுமே. நம்பவைக்க அவரிடம் ஒரே ஒரு அத்தாட்சிதான் இருந்தது: உள்ளங்கையை விரித்து, திரையைப் பார்த்துக்கொண்டே அவளோடு பேச வேண்டும். அந்த நொடியே அவள் அப்பாவை அடையாளம் கண்டுகொள்வாள். இடது கை அரைகுறையாக விரியவும் செய்தது. அதைத் தலையணைக்கடியில் திணித்துக்கொண்டார்.

"அப்பாவுக்கு வேலை நெறைய இருக்குது, அம்மணி," என்றார். "இப்போதைக்கு வரமாட்டாரு."

நறுமுகை பெருமூச்சு விட்டாள். அவர் தோளில் சாய்ந்து ஆரஞ்சுச் சுளையை மென்றாள்.

"அவரு வயித்துலதான வெட்டி எடுத்தாங்க? வலிக்குதான்னு உள்ள கேட்டுச் சொல்றீங்ளா?"

மயிலானந்தன் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சாய்ந்த பாரத்தில் தையல் நெருப்பாக எரிந்தது. உள்ளே யாரிடமோ கேட்பதுபோல் சற்று நேரம் அப்படியே இருந்தார்.

"கேட்டேன், கண்ணு. கொஞ்சம் வலிக்குதாமா. பரவால்லைன்னு சொல்லச் சொன்னாரு."

"தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லிருங்க," என்றாள் நறுமுகை. "சொல்லிட்டு உடனே வந்துருங்க. அவருகிட்ட ரொம்ப நேரம் பேசாதீங்க, பாவம், வேலையா இருப்பாரு."