டாக்டருக்குப் பேச நேரமில்லை

கொல்கத்தா நியூ டவுன் குடியிருப்பில் சரஸ்வதி பூஜை விழா. மேடையில் மாதங்கி தனியாக நின்றிருந்தாள். அம்மாவின் வெள்ளைப் புடவை, முழுக்கை ரவிக்கை, கழுத்தில் பொம்மை ஸ்டெதாஸ்கோப்.

பதினோரு வயது மாதங்கி இப்போது டாக்டர் காதம்பினி கங்குலி! ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே கொல்கத்தாவில் மருத்துவம் படித்த பெண்மணி. நடிக்க ஏழு நிமிடம்தான். கடைசியில் ஒரு நீளமான உரை. அதை வங்க மொழியில் தடுமாறாமல் பேச மூன்று வாரம் பயிற்சி செய்திருந்தாள்.

"நான் டாக்டராக வேண்டும்!" என்று மாதங்கி முழங்கினாள்.

அப்போது மேடைப் படிகளில் யாரோ ஏறி வந்தார்கள். மூன்றாம் மாடி மிஷ்டி, மாதங்கியை 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிடுபவள். நான்கு வயது. கன்னமெல்லாம் கண்ணீர்.

"டாக்தார் தீதி, நாற்காலி என் விரலைக் கடிச்சிடுச்சு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மிஷ்டியின் உதடு பிதுங்கியது.

'இப்போ போய் வந்திருக்கியே!' என்று நினைத்தாள் மாதங்கி. ஆனால் அந்தக் குட்டி விரல் நிஜமாகவே சிவந்திருந்தது.

மாதங்கி மேடையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"கடிச்சதா? அந்த நாற்காலிக்கு எத்தனை பல்லு?"

மிஷ்டி யோசித்தாள். "ரெண்டு."

"நல்லவேளை! விரலை மடக்கு பார்ப்போம். ம், நல்லா மடங்குது." தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்து விரலில் சுற்றினாள். "எனக்கு இப்படி வைத்தியம் பார்க்க ரொம்ப ஆசை. பெண்ணுக்கு எதுக்கு டாக்டர் படிப்புன்னு கேட்டாங்க."

"யாரு?"

"பெரிய பெரிய ஆளுங்க."

"நீ அழுதியா?"

மாதங்கி திகைத்தாள். அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. காதம்பினியின் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தாள்.

"அழுகை வந்துச்சு. மூக்கைத் துடைச்சுக்கிட்டுப் படிக்கப் போயிட்டேன்."

மிஷ்டியும் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"தீதி, என் பல்லு ஆடுது!" படியில் இன்னொரு குரல். அதற்குப் பின்னால் கையில்லாத பொம்மையோடு ஒரு சிறுமி.

மாதங்கி பல்லைப் பார்த்தாள். பொம்மையின் நாடி பிடித்தாள். நடுநடுவே, காதம்பினியாகவே, தான் கல்லூரிக்குப் போன கதையையும் கடல் தாண்டிப் போய்ப் படித்த கதையையும் அவர்களுக்குச் சொன்னாள்.

கணகணவென்று மணி அடித்தது. ஏழு நிமிடம் முடிந்துவிட்டது! உரை அப்படியே பாக்கி.

மாதங்கி எழுந்து சபையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"மன்னிக்கணும். நான் நீளமா ஒரு உரை வெச்சிருந்தேன். ஆனா, நோயாளிகள் காத்துக்கிட்டிருக்காங்க."

கைதட்டல் பந்தலைப் பிளந்தது.

மேடைக்குப் பின்னால் அம்மா அனுராதா ஓடி வந்தாள். "உரை மறந்துபோச்சாடி?"

"இல்லம்மா. டாக்டருக்கு ஏது நேரம்?"

அதற்குள் ஒலிபெருக்கி அழைத்தது: "அடுத்து, மழலையர் நடனம்!"

பாட்டு ஒலித்தது. மேடை காலியாகவே இருந்தது. ஆட வேண்டிய எட்டுக் குழந்தைகளும் மாதங்கியின் முன்னால் வரிசையில் நின்று, ஆளுக்கொரு விரலை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.