கண்ணாடித் தட்டில் இரும்புக் கொலை

"ஐயோ... செத்துட்டாங்க! அத்தனை பேரும் செத்துட்டாங்க!"

அலறலில் கொல்கத்தாவின் அந்தப் புற்றுநோய் ஆய்வுக்கூடமே அதிர்ந்தது.

வாயில் பாதிச் சமோசாவோடு ஓடி வந்தான் சக ஆராய்ச்சியாளன் தேபாருண். "யாரு? எங்க பாடி?"

"இதோ, தேபாருண் அண்ணா!" மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள் சுதேஷ்ணா. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஆராய்ச்சி மாணவி.

தட்டுக்குள் பிணக்குவியல்!

புற்றுநோயை வேட்டையாட வேண்டிய எதிர்ப்பு செல்கள்... பூண்டோடு காலி! புற்றுச் செல்களோ ஜம்மென்று கொழுத்துக் கிடந்தன.

கட்டியில் இரும்பு கூடினால் எதிர்ப்பு செல்கள் சுருண்டுவிடும். குறைத்தால் எழுந்து அடிக்கும். இதுதான் அவள் வாதம். குறைத்தும் செத்தால்?

"மறுபடியுமா?" பேராசிரியர் குஹநியோகி உள்ளே நுழைந்தார். "போதும்மா! இன்னிக்கே உன் ப்ராஜெக்ட்டை இழுத்து மூடறேன்!"

"சார்... என் நாலு வருஷ உழைப்பு சார்!"

"கையில என்ன? புருஷன் ஆயுசுக்கு இரும்பு வளையல்! அதுலேர்ந்துதான் இரும்பு உதிருது. படிச்ச பொண்ணுக்கு மூடநம்பிக்கை வேற!"

சுதேஷ்ணாவுக்குச் சுர்ரென்று ஏறியது. வளையலைக் கழற்றி மேஜையில் வீசினாள்.

"பிளாஸ்டிக் சார்! வேலைக்காகவே மாத்திட்டேன். மாமியாருக்குத் தெரிஞ்சா அடுத்த பாடி நான்தான்!"

பேராசிரியர் வளையலை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

அப்படியானால்... கொலையாளி யார்?

செல்களுக்கு ஊட்டும் திரவம்! ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை உருவினாள்.

"அதைத் தொடாதே!" பேராசிரியர் பாய்ந்தார்.

அவள் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள்.

டிங்!

தொட்டியில் உருண்டது ஒரு மோதிரம். துருப்பிடித்த இரும்பு!

"படகு ஆணியில அடிச்ச சனி மோதிரம்!" தேபாருண் கூவினான். "யாரோடது?"

"என்னோடதுதான்..." பேராசிரியர் அசடு வழிந்தார். "லேப் மேல சனி பார்வையாம். ஆராய்ச்சி ஜெயிக்கணும்னா இதை ஊறப் போடுன்னு ஜோசியர் சொன்னார். ஸ்பிரிட்ல கழுவித்தாம்மா போட்டேன்!"

"அடப்பாவி சார்! இரும்பு கூடினா செல் சாகும்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே... நீங்களே கொன்னு நிரூபிச்சிட்டீங்க!"

"கத்தாதேம்மா, மானம் போயிடும்! ப்ராஜெக்ட் இன்னும் ஒரு வருஷம் ஓடட்டும்."

"ரெண்டு!"

"சரி... ரெண்டு." ஈர மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு முனகினார். "ஆனா, இது இல்லாம சனி லேப்புக்குள்ள வந்துட்டா?"

சுதேஷ்ணா புதுப் பாட்டிலைத் திறந்தாள்.

"அவர் வந்து ரொம்ப நாளாச்சு சார்... ஏசி ரூம் குடுத்து, வாசல்ல பேர்ப்பலகைகூட மாட்டியாச்சு!"