அமானிதப் பொட்டலத்தில் நானூறு தினார்

வெள்ளிக்கிழமை காலை பத்தேகால். பதுளை பஸார் வீதியில், ஸரூக் முதலாளியின் துணிக்கடையில் நின்றபடியே கலாராணி தன் துணிப்பொட்டலத்தின் தையலைப் பிரித்தாள். நானூறு குவைத் தினார் இருக்க வேண்டிய இடத்தில், நோட்டளவுக்கு வெட்டிய பொதிக் காகிதம் இருந்தது.

"ஐயோ முதலாளி! நாலு லட்சம் ரூபாங்க!"

மடுல்சீமைக்காரி கலாராணி குவைத்தில் வீட்டுவேலை பார்த்தவள். 2021 கடைசியில் லீவில் வந்தபோது அந்தப் பொட்டலத்தைத் தைத்து ஸரூக்கிடம் அமானிதமாகக் கொடுத்துவிட்டுப் போனாள். அமானிதம் என்றால் ஸரூக் பிரிக்கவும் மாட்டார், உள்ளே என்னவென்று கேட்கவும் மாட்டார். கேட்கிற நாளில் அப்படியே கொடுப்பார். இப்போது அவள் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தாள். ஹாலிஎலவில் வீடு கட்ட ஒரு துண்டு நிலம் பேசியாயிற்று. திங்கட்கிழமை பணம் கட்டாவிட்டால் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும், அவள் மறுபடியும் தேயிலைத் தோட்டத்து லயத்து அறைக்குத்தான் போக வேண்டும்.

பதினொரு மணிக்கு ஸரூக்கின் மனைவி ஜெனீரா வந்து சேர்ந்தாள். வங்கியில் வெளிநாட்டுக் காசு மாற்றும் கவுண்டரில் வேலை, அன்று லீவு. ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. விடை கிடைத்துவிட்டால் இரண்டு பிடி கூடவே இறங்கும். ஜும்மா தொழுகைக்குக் கடை பூட்டுவதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தாள். யாரோ பிரித்துவிட்டு அழகாகத் திரும்பத் தைத்திருக்கிறார்கள். துணிக்கடையில் ஊசி நூலுக்கா பஞ்சம்?

"இது இருந்த அலுமாரிச் சாவி எங்க இருக்கும்?"

"கல்லாவுக்குக் கீழ ஆணியில. கடையில எல்லாருக்கும் தெரியும்" என்றார் ஸரூக். அவர் முகம் வெளுத்திருந்தது. வாப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் வைத்த அமானிதம் ஒன்றுகூடத் தவறியதில்லை.

கடையில் மற்ற இருவர்: போன வருஷம் சேர்ந்த விற்பனையாள் தயாபரன், ஸரூக்கின் தம்பி ஷாஹ்மி. ஷாஹ்மி சாரிக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். ரூபாய் கொஞ்சம் தும்மினால் போதும், அன்றைக்கே இந்தியச் சாரிகளின் விலையைக் கூட்டிவிடுவான். அதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

தயாபரனை முதலில் கூப்பிட்டாள்.

"நான் எடுக்கலைங்கம்மா. நாலு லட்சத்த எடுத்திருந்தா இந்தக் கிழிஞ்ச செருப்போடவா வேலைக்கு வருவேன்?"

அடுத்தது ஷாஹ்மி. அண்ணன் மனைவியை அவன் மச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"மச்சி, புதுசா வந்தவனக் கேக்காம என்னையக் கேக்குறீங்க? பாவம் அந்தப் பொம்புள. ரெண்டு லட்சத்து அறுபதாயிரம்னா சும்மாவா?"

"சும்மா இல்லதான்" என்றாள் ஜெனீரா. ஒரு பிளேன்டீ கேட்டு வாங்கிக் குடித்தாள். பாதிக் கோப்பையிலேயே அவளுக்குப் பசி எடுத்துவிட்டது.

அதற்குள் ஸரூக் கொதித்துப்போயிருந்தார். "பொலிசக் கூப்பிடுறேன். தயாபரன் வந்த பொறகுதான் போயிருக்கணும்."

தயாபரனின் கண் கலங்கியது.

"ஃபோன வைங்க. காசு போகும்போது தயாபரன் இந்தக் கடையிலயே இல்ல" என்றாள் ஜெனீரா. "ஷாஹ்மி, நானூறு தினார் எப்படி ரெண்டு அறுபதாச்சு?"

"சும்மா... ஒரு கணக்குத்தான் மச்சி."

"இன்னைக்குத் தினார் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுதான் கலாராணியும் தயாபரனும் நாலு லட்சம்னாங்க. உங்கட கணக்குல தினார் அறுநூத்தி அம்பது. 2022 மார்ச்சில மத்திய வங்கி ரூபாயோட விலையப் பிடிச்சு வைக்காமக் கைவிட்டிச்சே, அதுக்கு முந்தின விலை அது. ரெண்டே மாசத்துல ஆயிரத்து நூறத் தாண்டிச்சு. பொறகு இறங்கினாலும் அந்தப் பழைய விலைக்கு இன்னைக்கு வரைக்கும் வரல்ல."

"பழைய ஞாபகத்துல சொல்லியிருப்பான்" என்று ஸரூக் தம்பிக்குப் பரிந்தார்.

"யாரு, இவரா? சாரிக்கு மட்டும் இன்னைக்கு விலை, தினாருக்கு நாலு வருஷப் பழைய விலையா? கணக்குப் போட்டவன் நாலு லட்சம்னுதான் சொல்லுவான். அப்பவே தினார மாத்திக் கையில வாங்கி எண்ணினவனுக்குத்தான் ரெண்டு அறுபது வாயில வரும்."

ஷாஹ்மி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"மோட்டார் சைக்கிள் வாங்க எடுத்தேன் மச்சி. பெப்ரவரியில வித்தேன். ரெண்டு மாசத்துல தினாராவே வாங்கி வச்சிடலாம்னு நெனச்சேன். மார்ச்சில அது ஏறிச்சு பாருங்க! நான் சேக்கச் சேக்க அது முன்னால ஓடிட்டே இருந்திச்சு."

ஜெனீராவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "மூணு வாரம் பொறுக்காம வித்திருக்கீங்க. களவெடுத்தும் நட்டப்பட்ட ஆள் இந்தப் பதுளையிலேயே நீங்க ஒருத்தர்தான்!"

ஸரூக் சிரிக்கவில்லை. முதலில் தயாபரனின் இரண்டு கைகளையும் பிடித்து, "மன்னிச்சிக்கோ, மகன்" என்றார். பிறகு மோட்டார் சைக்கிள் சாவியைத் தம்பியிடம் வாங்கிக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டினார். இடையில் வாகன இறக்குமதி நின்றதில் பழைய வண்டிக்கும் விலை ஏறித்தான் இருந்தது. விற்றால் நாலு லட்சத்துக்குப் பக்கத்தில் வரும். ஆனால் விற்கும் வரை அவர் காத்திருக்கவில்லை. தன் காசிலிருந்தே இன்றைய விலைக்குக் கலாராணியின் கையில் கொடுத்தார்.

கலாராணி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிலம் அவளுடையதுதான். வாய்விட்டுச் சிரித்தாள்.

"பொலிசெல்லாம் வேணாங்க முதலாளி. உங்க தம்பிய மட்டும் ஒரு மாசம் என்கிட்ட விடுங்க. வீடு கட்டக் கல்லு மண்ணு தூக்க ஆளே கெடைக்கல."

ஷாஹ்மி மெல்லத் தலையைத் தூக்கினான். "கூலி உண்டா?"

"குடுப்பேங்க, குடுக்காம என்ன" என்றாள் கலாராணி. "ஆனா அந்தப் பெப்ரவரி மாச வெலைக்குத்தான்."