மாடியிலிருந்து ஒரு பெயர்

அம்மாவின் பெயரைக் கேட்டுவிடுவார்களோ...

கேட்டால் என்ன சொல்வது? அப்பாவின் பெயரை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். ஆனால் வாசல் கேட்டின் முன்னால் ஒருவன் நிற்கிறானே... இப்படியே திரும்பிப் போய்விடலாமா? போன வாரமும் இப்படித்தான் திரும்பிப் போனேன்.

மொசெல் எதிர்ப்பக்க நடைபாதையில் மஞ்சள் குடையின் கீழ் நின்றாள். டிசம்பர் மழை சிங்கப்பூரையே கழுவிக் கவிழ்த்து வைத்தது போல் கொட்டிக்கொண்டிருந்தது. சாலைக்கு அப்பால் யூத ஆலயம். உள்ளேயிருந்து பாட்டு மெலிதாகக் கேட்டது. அந்த மெட்டு அவளுக்குத் தெரியும். ரங்கூனில் சனிக்கிழமை காலைகளில் அப்பா அதைத்தான் முணுமுணுப்பார். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அதை யாரும் பாடிக் கேட்டதில்லை.

"ஹலோ... மஞ்சக் குடை! உங்களைத்தான். ரொம்ப நேரமா எங்க கேட்டையே முறைச்சுப் பாக்கறீங்க. என்ன விஷயம்?"

கால்கள் எப்படிச் சாலையைக் கடந்தன என்று தெரியவில்லை. அவன் முன்னால் நின்றிருந்தாள்.

"பிரார்த்தனைக்கு..."

"பேரு?"

"மொசெல். மொசெல் யூடா. ரங்கூன். அப்பா பேரு யூடா."

"சரி. அடுத்து வர்ற பண்டிகை என்ன?"

தெரிந்த கேள்விதான். "விளக்குப் பண்டிகை..." என்று எப்படியோ சொன்னாள்.

"அதுக்கு ஏங்க என்னைப் பேயைப் பார்த்த மாதிரி பாக்கறீங்க? எல்லாரையும் கேக்கறதுதான் என் டியூட்டி. போன வாரம் எங்கம்மாவையே கேட்டேன். மூணு நாள் பேசல." சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "ஐயோ... குடை."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்று சனிக்கிழமை, ஓய்வுநாள்! ஓய்வுநாளில் குடை விரிக்கக் கூடாது. கூடாரம் கட்டுவதற்குச் சமம். எப்படி மறந்தேன்? ரங்கூனில் அப்பா மழையில் குடையில்லாமல் கிளம்பினால் அம்மா விடமாட்டாள். வாசலிலேயே விரித்துக் கையில் திணித்துவிடுவாள். அப்பா மறுபேச்சில்லாமல் பிடித்துக்கொண்டு போவார். அந்தப் பழக்கம்... இதோ காட்டிக் கொடுத்துவிட்டதே!

"மடக்கிடறேன்."

"மடக்கவும் கூடாதே."

"அப்போ என்ன செய்யறது?"

"அதான் எனக்கும் தெரியல!" அவன் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு பண்ணுங்க. அப்படியே கீழே வச்சுட்டு ஓடிடுங்க. நான் எதையும் பார்க்கல."

குடையைத் தரையில் வைத்தபோது நிமிர்ந்து பார்த்தாள். கண் பரிசோதனை செய்வது அவள் தொழில். ஒரு நாளைக்கு எத்தனை ஜோடிக் கண்களுக்குள் விளக்கு அடித்துப் பார்க்கிறாள்... இப்படி ஒரு ஜோடி அகப்பட்டதில்லை. தேன் நிறம். இமைகளில் மழைத்துளிகள். பார்த்தவள் ஒரு கணம் அதிகமாகப் பார்த்துவிட்டாள். அதை அவனும் பார்த்துவிட்டான்.

பெண்களின் இடம் மாடியில். படியேறியவளைப் பார்த்ததும் ஒரு பருத்த அம்மாள் பெஞ்சில் நகர்ந்தார். "நகருங்க நகருங்க, பொண்ணு நனைஞ்சு வந்திருக்கு." தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். "யாரு வீட்டுப் பொண்ணு கண்ணு நீ?"

"ரங்கூன்... யூடா..."

"ரங்கூனா! எங்க வீட்டுக்காரரோட அத்தை ரங்கூன்லதான் வாழ்ந்தாங்க. அப்போ நீ நம்ம வீட்டுப் பொண்ணுதான். மத்தியானம் சாப்பிட வந்துடு. கேட்ல நிக்கறானே, அந்த வாயாடி, என் பிள்ளைதான். ஹெஸ்கேல்."

அந்த அம்மாளின் பெயர் ஹபீபா. ஹபீபா ஆன்ட்டி கேள்வி கேட்டதோடு நிற்காமல், பதிலும் அவரே சொல்லிக்கொண்டார். மொசெல் திருத்தவில்லை. அதுதான் முதல் பொய்... வாயைத் திறக்காமல் சொன்ன பொய்.

ஹபீபா ஆன்ட்டியின் வீடு ஒன்பதாவது மாடியில். ஓய்வுநாளில் லிஃப்ட் பொத்தானைத் தொடமாட்டார்கள். ஆன்ட்டி மூச்சு வாங்க முன்னால் ஏற, மொசெலும் ஹெஸ்கேலும் பின்னால்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றாள் மொசெல்.

"லிஃப்ட் ரிப்பேர்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்க, சிரிங்க. ஆறு நாள் ஊர் சனத்தையெல்லாம் நான் மேலே ஏத்தறேன். ஏழாவது நாள் கடவுள் என்னை நடக்க விடறார். நீங்க?"

"கண்ணாடிக் கடையில... கண் டெஸ்ட் பண்ணுவேன்."

"அப்படியா? என் கண்ணு எப்படி இருக்கு?"

"ஓய்வுநாள்ல வேலை செய்யறதில்ல."

அவன் சிரித்த சிரிப்பு படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. மேலே இருந்து, "அங்க என்னடா கூத்து?" என்று ஆன்ட்டியின் குரல்.

இரவெல்லாம் சிறுதீயில் வெந்த கோழிச் சோறு. பழுப்பேறிய முட்டை. மாங்காய் ஊறுகாய். தட்டு காலியாக விடவில்லை ஆன்ட்டி. சுவரில் ஒரு படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது.

இறங்கும்போது ஹெஸ்கேல் சொன்னான். "சுவத்துல இருந்தது அண்ணன் படம். மெல்போர்ன்ல நம்ம சனம் இல்லாத பொண்ணைக் கட்டினான். அம்மா எடுத்துட்டாங்க. இப்போ பேரனை போன்ல பார்த்து அழறாங்க. 'தாய் யூதரா இருந்தாத்தானே பிள்ளை யூதர், இந்தக் குழந்தை நம்மாளு ஆகாதே'ன்னு புலம்பல்." அவன் தோளைக் குலுக்கினான். "என்ன, முகம் வெளுத்துப் போச்சு? படி அதிகமோ?"

"ஆமா..." என்றாள். "படி அதிகம்."

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனாள். போகக் கூடாது என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்வாள். காலையில் கால்கள் தாமாகக் கிளம்பிவிடும். கேட்டில் அவன் கண்கள் தேடும். "அடுத்த பண்டிகை என்ன?" என்பான் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு. "நீங்க வாயை மூடற நாள்தான்," என்பாள். மாடியில் அவளுக்கென்று ஓர் இடம் வந்துவிட்டது. அதில் வேறு யாரும் உட்கார்ந்தால், "அது மொசெலோட இடம்" என்று நான்கு பெண்கள் சேர்ந்து எழுப்பிவிடுவார்கள்.

அதுதான் பயமாக இருந்தது. யாருமில்லாதபோது இழக்க ஒன்றுமில்லை. இப்போது... சால்வை, சோறு, பாட்டு, தேன் நிறக் கண்கள்... எல்லாம் ஒரே ஒரு கேள்வியின் மேல் நிற்கின்றன. யாரும் கேட்காத கேள்வி. அன்பு காட்டுகிறவர்களை ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பு தூக்கத்திலும் விழித்தே இருந்தது. அதைவிட மோசமான இன்னொன்று... அம்மா நினைவுக்கு வரும்போதெல்லாம் அவளை ஒளித்து வைக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பெற்ற தாயை, திருட்டுப் பொருள் மாதிரி.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ரங்கூனிலிருந்து தம்பி கூப்பிட்டான். அம்மாவுக்கு இதயத்தில் அடைப்பு. திங்கட்கிழமை ஆபரேஷன். "பொழைச்சுப்பாங்களான்னு டாக்டரே உறுதியா சொல்ல மாட்டேங்கறார் அக்கா..."

அழுதுகொண்டே ஹெஸ்கேலுக்குத்தான் சொன்னாள்.

"பயப்படாதே மொசெல். நாளைக்கு எல்லாரும் சேர்ந்து வேண்டுவோம். பிரார்த்தனை நடத்தும்போது ஷவுல் அங்கிள் நோயாளிகளோட பேரை வாசிப்பார் இல்ல? நீ மாடியிலேர்ந்து சொன்னாப் போதும். அம்மா பேரு, அம்மாவோட அம்மா பேரு. 'இன்னாருடைய மகள் இன்னார்'னு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்...

மறுநாள் காலை மழையில்லை. கேட்டில் அவன் தனியாக இருந்தான். அவள் அருகே போனாள். சொல்லிவிட்டாள்.

"எங்கம்மா யூதப் பெண் இல்ல ஹெஸ்கேல். பர்மாக்காரங்க. புத்தரைக் கும்பிடறவங்க. அப்பா மட்டும்தான்... அப்போ நானும் இல்ல. முதல் நாளே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. இதோ, இப்போது கேட்டைச் சாத்தப்போகிறான் என்று நினைத்தாள்.

"முதல் நாள் அந்தக் குடையைத் தொடாம மழையில நின்னு காவல் காத்தேனே, ஏன்னு நினைச்சே?" என்றான். "அன்னைக்கே விழுந்துட்டேன் மொசெல். உன்னைக் கட்டிக்கணும். நீ யாரு பொண்ணா இருந்தாலும்."

கேட்கவேண்டும் என்று ஏங்கிய வார்த்தைகள். இந்த நேரத்திலா...

"ஆனா இன்னைக்கு வேணாம்," என்றான் அவசரமாக. "இன்னைக்கு எங்கம்மாவுக்குத் தெரிய வேணாம். அண்ணன் விஷயத்துலேர்ந்தே அவங்க இன்னும் மீளல. நான் மெதுவா சொல்லிக்கறேன். நீ மேலேர்ந்து 'மிரியம், சாராளோட மகள்'னு சொல்லிடு. யாருக்கு வேண்டறோம்னு கடவுளுக்குத் தெரியாதா? ரெண்டு யூதப் பேரைச் சொன்னாப் போதும் மொசெல். எனக்காக."

அவள் படியேறினாள்.

கீழே வேதம் எழுதிய தோல்சுருளைப் பிரித்து வாசித்து முடித்ததும் ஷவுல் அங்கிள் நோயாளிகளுக்கான வேண்டுதலைத் தொடங்கினார். ஆண்கள் ஒவ்வொருவராகப் பெயர்களைச் சொன்னார்கள். பிறகு அவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"மேலே யாருக்காவது?"

இரண்டு பெண்கள் சொன்னார்கள். ஹபீபா ஆன்ட்டி அவள் முழங்கையை இடித்தார். "சொல்லு கண்ணு. அம்மா பேரைச் சொல்லு."

மொசெல் எழுந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். கீழே அத்தனை முகங்களும் அவளை நோக்கித் திரும்பியிருந்தன. நடுவில் ஹெஸ்கேல். அவன் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. மிரியம்.

எவ்வளவு சுலபம்... பிறகு எல்லாம் இருந்த மாதிரியே இருக்கும். திங்கட்கிழமை அம்மா ஆபரேஷன் விளக்கின் கீழ் தனியாகப் படுத்திருப்பாள். இத்தனை பேரின் வேண்டுதலும் ஊரெல்லாம் மிரியம் என்ற ஒருத்தியைத் தேடி அலையும். அம்மாவைத் தாண்டிக்கூடப் போகும்.

"மியா யீ," என்றாள். "சேன் நூவின் மகள்... மியா யீ."

முன்வரிசையில் யாரோ புத்தகத்தை மூடினார்கள்.

ஷவுல் அங்கிள் காதருகே கையைக் குவித்தார். "மறுபடி சொல்லும்மா. மெதுவா. வேண்டும்போது பேரைத் தப்பா சொல்லிடக் கூடாது."

மெதுவாகச் சொன்னாள். அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்களை மூடி, அப்பாவின் அந்தப் பழைய மெட்டுக்கு நெருங்கிய ஒரு ராகத்தில் அந்தப் பெயர்களைப் பாடினார். சேன் நூவின் மகள் மியா யீ. கீழே ஆண்கள் "ஆமென்" என்றார்கள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு ஒரு குரல் மட்டும் தாமதமாக, தனியாக, கூடமே அதிரும்படி சொன்னது. ஹெஸ்கேல். அவன் அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்களில் வெட்கமும் நீரும்.

அவள் உட்கார்ந்தாள். ஹபீபா ஆன்ட்டியின் பக்கம் திரும்பத் துணிவில்லை. பக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது... நீண்ட மூச்சு. பிறகு ஒரு கனத்த கை வந்து அவள் கையைப் பிடித்தது.

"மத்தியானம் சாப்பாட்டுக்கு வரணும்," என்றார் ஆன்ட்டி, எங்கோ பார்த்தபடி, அடிக்குரலில். "என் தங்கச்சி குடும்பமும் வருது. அவளுக்கு நாக்கு நீளம். கேட்பா. கேட்டா... உங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே நம்ம மதத்துக்கு மாறினவங்கன்னு சொல்லிடு கண்ணு. இன்னைக்கு ஒரு நாளைக்கு. எனக்காக."

மொசெலுக்குப் பயம் போகவில்லை. இந்த ஆலயத்தின் கேட்டில் முதன்முதலாக நின்றபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை. அந்தக் கையிலிருந்து தன் கையை அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல ஆன்ட்டி... வர்றேன். ஆனா அப்படிச் சொல்ல மாட்டேன்," என்றாள் மெதுவாக.